மூக்கு உயரத்தில் கட்டிய கயிறு

பிலோமினா டீச்சர் இறந்த செய்தி எனக்கு ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. விழுப்புரத்தில் பள்ளிக்குக் கிளம்பிப் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். வருகைப்பதிவை ஏற்றாதவர்கள் உடனே ஏற்றவும் என்று ஒரு செய்தி. அதற்குக் கீழே, நம் பிலோமினா டீச்சர் இன்று காலை மாரடைப்பால் காலமானார் என்று ஒரு செய்தி. அதற்கும் கீழே, சிறந்த வகுப்பறைக் காட்சிப் போட்டிக்குப் படம் அனுப்ப இன்றே கடைசி நாள் என்று இன்னொன்று. பிறகு கைகூப்பிய பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. ஒரு புண்ணியவான் கட்டைவிரலை உயர்த்திய பொம்மையைப் போட்டிருந்தார். அது வருகைப்பதிவுக்கா, போட்டிக்கா, சாவுக்கா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

கொஞ்ச நேரத்தில் ஒருவர் நீளமாக எழுதினார். ‘சாந்தமே உருவானவர். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர். மேலதிகாரிகளின் மனம் கோணாமல் பணியாற்றியவர்.’ எனக்கு நின்ற இடத்திலேயே பற்றிக்கொண்டு வந்தது. சாந்தமா? பிலோமினா டீச்சரா? திண்டிவனம் வட்டாரத்தில் அவரோடு வேலை பார்த்தவர்கள் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். அவர் வாயைத் திறந்தால் சத்துணவுக் கூடத்தில் சாம்பார் கிண்டுகிற ஆயா கரண்டியும் கையுமாக வெளியே வந்து எட்டிப்பார்ப்பார். அவரால் மனம் கோணாத அதிகாரி ஒருவர் இருந்தால் எனக்குக் கூட்டிவந்து காட்டுங்கள். இறந்தவரைப் பெருமைப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு வேறு யாரையோ புதைக்கிறார்கள். அதைப் பொறுக்காமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன், அவரைப் பற்றி வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகும் சாலையில், உள்ளே தள்ளி இருக்கும் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் நாங்கள் இருவரும் பல வருடங்கள் சேர்ந்து வேலை பார்த்தோம். சின்ன வகுப்புகள் மூன்றும் ஒரே அறையில் அவருக்கு. நான்கும் ஐந்தும் எனக்கு. தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. யார் அதட்டினாலும் தலையாட்டுவார், அவ்வளவுதான். பாதி நாள் கூட்டங்களிலும் மீதி நாள் கணினி முன்பும் அவருக்குக் கழிந்துவிடும்.

தொடக்கப்பள்ளிப் பக்கம் போகாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வகுப்பறையில் சுவருக்குச் சுவர் கம்பி இழுத்துக் கட்டி, பிள்ளைகள் வரைந்தது, வெட்டி ஒட்டியது எல்லாவற்றையும் தொங்கவிடுவோம். கம்பிப் பந்தல் என்று பெயர். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெரும்பாலான இடங்களில் அது மின்விசிறியை ஒட்டித் தொங்கும். வரைந்த பிள்ளை கழுத்தை ஒடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாலும் தன் படம் எதுவென்று கண்டுபிடிக்க முடியாது. அதைவிடக் கொடுமை, அங்கே தொங்குவதில் பாதி பிள்ளைகள் செய்ததே கிடையாது. ஆய்வுக்கு ஆள் வருகிறது என்று காதில் விழுந்ததும் கடைக்கு ஓடுவார்கள். வீட்டில் யாருக்குக் கையெழுத்து அழகோ அவரைப் பிடித்து உட்காரவைத்து எழுதச் சொல்வார்கள். மூலையில் ஒரு பிள்ளையின் பெயரைப் போட்டுத் தொங்கவிட்டுவிடுவார்கள். இப்படி ஒரு ஏமாற்று நடக்கிறது என்று யாரும் நினைப்பதுகூட இல்லை. அதற்குப் பெயர் தயாரிப்பு.

நான் அங்கே சேர்ந்த புதிதில் ஒரு அதிகாரி ஆய்வுக்கு வந்தார். தலைமையாசிரியர் தன் அறைக்கு வெளியே பெரிய மயில் ஒன்றை மாட்டியிருந்தார். தோகையில் ஜிகினா. கீழே ‘கார்த்திகா, மூன்றாம் வகுப்பு’. அதிகாரிக்கு மயில் மிகவும் பிடித்துவிட்டது. கார்த்திகா யார் என்று கேட்டு முன்னால் அழைத்தார்.

“நீயா பாப்பா வரைஞ்ச? சூப்பரா இருக்கே!”

கார்த்திகா மயிலைக் கீழிருந்து மேல்வரை பார்த்தாள். “இது நான் இல்லங்க சார். எனக்கு மயிலு வராது. கோழிதான் வரும்.”

அதிகாரி கடகடவென்று சிரித்தார். “எவ்ளோ தன்னடக்கம் பாருங்க!” என்று அவள் கன்னத்தைத் தட்டினார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். தலைமையாசிரியருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அந்த நேரத்தில் பின்னாலிருந்து பிலோமினா டீச்சரின் குரல் கேட்டது.

“அது தன்னடக்கம் இல்லீங்க சார். அந்தப் புள்ள உண்மையச் சொல்லுது. ஒரு ஆபீசர் எதுர்ல நின்னுக்கினு, பயப்படாம உண்மையச் சொல்லுது. நீங்க கன்னத்தத் தட்டி அத்தப் பொய்யாக்கிட்டுப் போறீங்களே, இது ஞாயமா?”

அப்புறம் அங்கே யார் சிரிப்பது? அதிகாரி விறுவிறுவென்று டீச்சரின் வகுப்பறைக்குள் நுழைந்தார். அங்கே மேலே ஒன்றும் தொங்கவில்லை. சுவரோரமாகச் சுற்றிலும் ஒரு கயிறு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் மூக்கு எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரம். பெரியவர்களுக்கு அது இடுப்புக்குப் பக்கத்தில் வரும். கயிறு முழுக்க துணி கிளிப்புகள், கிளிப்புகளில் காகிதங்கள்.

“என்ன டீச்சர், துணி காயப்போட்ட மாதிரி இருக்கு? மேல கட்டினாத்தானே பாக்கறவங்களுக்குத் தெரியும்?”

“பாக்குறவங்க அதுங்கதாங்க சார். உங்களுக்குப் பாக்கணும்னா குந்திக்கினு பாருங்க.”

அவர் குந்தவில்லை. மடிப்புக் கலையாத பேன்ட் அது. ‘வகுப்பறைக் காட்சிப்படுத்துதல் திருப்திகரமாக இல்லை’ என்று எழுதிவிட்டுப் போனார். ஜிகினா மயிலுக்குப் பாராட்டு.

அந்தக் கயிற்றுக்கென்று சில சட்டங்கள் இருந்தன. ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு கிளிப். எந்தக் காகிதத்தை மாட்டுவது, கயிற்றில் எங்கே மாட்டுவது, எப்போது இறக்குவது எல்லாம் அந்தப் பிள்ளையின் இஷ்டம். நன்றாக வரைந்தவன், வரையாதவன் என்ற பேச்சே கிடையாது. மாட்டினால் எல்லோருடையதையும் மாட்ட வேண்டும், இல்லையென்றால் ஒன்றுமே வேண்டாம். கயிற்றில் ஏறிய காகிதத்தில் யாரும் சிவப்பு மை வைக்கக் கூடாது. ஒரு முறை ‘யானை’யில் துணைக்காலை விட்டிருந்த ஒரு காகிதத்தை நான் கையில் எடுத்துப் பார்த்தபோது அங்கிருந்தே சத்தம் போட்டார்.

“பேனாவ மூடுங்க டீச்சர்! திருத்துறதுக்கு நோட்டு இருக்குது. கயித்துல ஏறிட்டா தப்பும் அதோடதுதான்.”

என் கையில் பேனாவே இல்லை. அதைச் சொல்ல அவர் எங்கே விட்டார்!

தேவி என்று ஒரு சிறுமி இரண்டாம் வகுப்பில் இருந்தாள். காலனியிலிருந்து வருவாள். அம்மா வானூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போகிறவர். பிள்ளை கண் விழிப்பதற்குள் லோடு வண்டி ஏறிவிடுவார். தேவி எதுவும் வரையமாட்டாள். வெறும் வெள்ளைக் காகிதத்தைக் கிளிப்பில் மாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்வாள். தலைமையாசிரியர் அதை எடுத்துவிடச் சொன்னார், பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம். “அது ஒண்ணும் சொல்லமாட்டேன்னு சொல்லுது சார். அதுவும் ஒரு பதிலுதான், இருந்துட்டுப் போவட்டும்” என்றார் டீச்சர். காகிதம் வெயிலில் பழுப்பேறும் வரைக்கும் அங்கேயே இருந்தது.

ஒரு நாள் பிள்ளைகளைப் பனமலைக்குக் கூட்டிப்போனோம். மலைமேல் கோயிலைப் பார்த்துவிட்டு, ஏரியைச் சுற்றிவந்து புளிசாதம் சாப்பிட்டோம். மறுநாள் எல்லோரும் மலையை வரைந்தார்கள். தேவியின் வகுப்பில் ஒரு பையன் ஏரியை மட்டும் வரைந்தான். காணி வைத்திருக்கும் குடும்பத்துப் பையன், ஏரிப் பாசனத்தைப் பார்த்து வளர்ந்தவன். மதகிலிருந்து ஆரம்பித்தான், கரை முடிவதற்குள் காகிதம் முடிந்துவிட்டது. எழுந்துபோய்த் தேவியின் வெற்றுக் காகிதத்தைக் கேட்டான். அவள் கழற்றிக் கொடுத்தாள். அவன் ஏரி அவள் காகிதத்துக்குள் போய்த் தண்ணீராகப் பரவியது. அவன் முடித்த பிறகு அவள் வாங்கி, கரைமேல் ஒரு லோடு வண்டியை வரைந்தாள். வண்டி நிறைய தலைகள். இரண்டு காகிதத்தையும் ஒட்டினாற்போல இருவரும் சேர்ந்து மாட்டினார்கள். டீச்சர் என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். அன்றைக்கு முழுக்க யாரையும் திட்டவில்லை, அதுவே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அந்தப் பையனின் அப்பா வந்தார். ஊரில் அவர் வைத்ததுதான் சட்டம். கயிற்றைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். யாரோ காதில் சொன்னார்கள்.

“இன்னா டீச்சர் இது? எம்பையன் படத்த காலனிப் புள்ள படத்தோட சேத்து மாட்டிக்கினு இருக்கீங்க? தனியா மாட்டுங்க.”

“நான் மாட்டலீங்க. உங்க பையன்தான் மாட்டிச்சி.”

“அதுக்கு இன்னா தெரியும்? நீங்க சொல்லிக் குடுத்திருப்பீங்க. நீங்களும் அந்தப் பக்கத்து ஆளுதான?”

கூட்டத்தில் நாங்கள் எல்லோரும் இருந்தோம். ஒருவர் வாயிலிருந்தும் சத்தம் வரவில்லை. டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

“ஆமாங்க. நான் அந்தப் பக்கத்து ஆளுதான். எங்கப்பா உங்க கொல்லையில கூலிக்கு மல்லாட்டை புடுங்கினவரு. அதுல எனக்கு ஒண்ணும் வெக்கம் இல்ல. உங்க பையனுக்கு ஏரி பெருசா வந்திச்சி, பேப்பர் பத்தல. அந்தப் பொண்ணு குடுத்திச்சி. பிரிக்கணும்னா நீங்களே வந்து பிரிங்க. மதகு உங்க பக்கம் இருக்குது, தண்ணி அந்தப் பொண்ணு பக்கம் இருக்குது. பாத்துப் பிரிங்க. எங்கையால நான் பிரிக்கமாட்டேன்.”

அந்த மனிதர் கயிறு வரைக்கும் போனார். எங்கிருந்தோ அவர் மகன் ஓடிவந்து படத்தின் முன்னால் நின்றுகொண்டான். “தொடாதப்பா” என்றான். அவ்வளவுதான். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். போகும்போது சொன்னதை எல்லாம் நான் எழுத விரும்பவில்லை.

பிறகு டீச்சர்மேல் மனுக்கள் போயின. அதற்கும் அடுத்து நடந்ததற்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்குத் தெரியாது. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது வகுப்பறைகள் எல்லாம் பளபளவென்று பெயின்ட் அடிக்கப்பட்டிருந்தன. யாரோ கொடையாளர். சுவரில் சிரிக்கிற சூரியன், தொப்பி போட்ட எலி, பனிக்குள் ஓடுகிற ரயில். எங்கள் ஊரில் யார் பனியைக் கண்டார்கள்? கயிறு அறுத்துச் சுருட்டப்பட்டு மூலையில் கிடந்தது. பிள்ளைகளின் காகிதங்கள் கழிவறைக்குப் பின்னால் குப்பைமேட்டில் கிடந்தன; மழை பெய்து ஊறிப்போயிருந்தன. தேவி போய்க் கிளறிப்பார்த்துவிட்டு வெறும் கையோடு வந்தாள். இனிமேல் சுவரில் ஆணி அடிக்கவோ ஒட்டவோ கயிறு கட்டவோ கூடாது என்று வாய்மொழி உத்தரவு. பிள்ளைகள் படிக்கிற அறையில் பிள்ளைகள் செய்ததற்கு இடமில்லை என்பதை எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்கள்!

டீச்சர் அன்றே தாழ்வாரத்துத் தூண்களில் கயிற்றைக் கட்டினார். காற்றில் காகிதம் பறந்தது. பிள்ளைகள் துரத்திப் பிடித்துவந்து மறுபடி மாட்டினார்கள். சில வாரங்களில் மெமோ வந்தது: பள்ளியின் அழகைக் கெடுத்ததற்கு விளக்கம் தருக. அவர் எழுதிய பதிலை எனக்கும் தலைமையாசிரியருக்கும் படித்துக்காட்டினார். ‘இப்பள்ளிச் சுவரில் தற்போது உள்ள எந்தப் படத்தையும் இப்பள்ளிப் பிள்ளை வரையவில்லை. அழகைப் பற்றிய விளக்கத்தை வரைந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளவும்.’

“கொஞ்சம் தணிச்சு எழுதக் கூடாதா டீச்சர்? பேஜாராப் பூடப்போவுது” என்றார் தலைமையாசிரியர்.

“தணிச்சிதாங்க சார் எழுதியிருக்கிறேன்” என்றார் டீச்சர்.

அந்த வருடம்தான் எனக்கு விழுப்புரத்துக்கு மாறுதல் வந்தது. அவர் அங்கேயே இருந்தார். தாழ்வாரத்துக் கயிறும் இருந்தது. போனில் பேசும்போதெல்லாம் யாரோடு சண்டை என்பதைத்தான் முதலில் சொல்வார், உடம்பைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். மாற்றாமல் இருந்திருக்கலாம்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்துப் பள்ளியில் நினைவேந்தல் கூட்டம் வைத்தார்கள். விழுப்புரத்திலிருந்து கிளம்பிப் போனேன். கயிறு இருந்த தூண்களுக்கு நடுவே பெரிய ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். கண்ணீர் அஞ்சலி. கும்பிட்டபடி ஏழெட்டுப் பெரிய மனிதர்கள். எல்லோரையும்விடப் பெரிதாக ஏரிப் பையனின் அப்பா. டீச்சர் ஒரு மூலையில், தபால்தலை அளவுக்கு இருந்தார். அடப்பாவிகளா என்று வாய்விட்டே சொன்னேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மேசைமேல் சட்டம் போட்ட ஓவியம் ஒன்று இருந்தது. பிள்ளைகள் எல்லோரையும் டீச்சரை வரையச் சொன்னார்களாம். அதில் ‘சிறந்ததை’ எடுத்துச் சட்டம் போட்டார்களாம். அழகான படம்தான். புன்னகைக்கிற, சிவந்த, ஒல்லியான ஒரு அம்மாள். டீச்சர் மாதிரி கொஞ்சமும் இல்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று என் புடவையைப் பிடித்து இழுத்தது.

“டீச்சர், என்னுது எங்க?”

மேசைக்கு அடியில் பார்த்தேன். ஒரு அரிசிச் சாக்கில் மீதிப் படங்கள் எல்லாம் திணிக்கப்பட்டிருந்தன.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தலைமையாசிரியரைக் கூப்பிட்டேன்.

“இது இன்னா சார் இது?”

“டீச்சர், பெரியவங்க எல்லாம் வர்றாங்க. அதுல பாதி கன்னாபின்னான்னு இருக்குது. ஒண்ணுல வாயப் பொளந்துக்கினு இருக்காங்க. ஒண்ணுல மீச கீது டீச்சர்! செத்தவங்களுக்கு மரியாதையா இருக்குமா, சொல்லுங்க.”

“மீச இருந்திச்சே சார். லேசா இருந்திச்சி. நாம பாத்தும் பாக்காத மாதிரி இருந்தோம். அந்தப் புள்ள பாத்திருக்குது. வாயும் பொளந்துக்கினுதான் இருப்பாங்க. உங்களப் பாத்துத்தான் பொளப்பாங்க. இந்தச் சாக்குல கட்டி வச்சிருக்கிறதுதான் சார் பிலோமினா டீச்சர். மேல சட்டம் போட்டு வச்சிருக்கிறது யாருன்னே எனக்குத் தெரியல.”

நான் சத்துணவு ஆயாவிடம் கொடிக்கயிறு கேட்டு வாங்கி, ஃபிளெக்ஸுக்கு முன்னால், அந்தப் பெரிய மனிதர்களின் கும்பிட்ட கைகளுக்குக் குறுக்கே, தூணிலிருந்து தூணுக்குக் கட்டினேன். என்ன உயரம் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சாக்கைக் கொட்டியதும் பிள்ளைகள் ஓடிவந்து அவரவர் காகிதத்தைப் பொறுக்கித் தங்கள் கிளிப்பில் மாட்டினார்கள். மீசை வைத்த டீச்சர், சாக்பீஸ் எறிகிற டீச்சர், ஸ்கூட்டியில் உட்கார்ந்து யாரையோ திட்டிக்கொண்டு போகிற டீச்சர். ஒன்றில் டீச்சரே இல்லை. ஒரு பெரிய செருப்பு மட்டும் இருந்தது. வரைந்தது யார் என்று கேட்டேன். “கீழ குந்திக்கினு இருந்தா அதான் டீச்சர் தெரியும்” என்றான் ஒருவன்.

கூட்டம் நடந்தது. ஏரிப் பையனின் அப்பா மைக்கைப் பிடித்து, டீச்சர் இந்த ஊருக்கே அம்மாவாக இருந்தார் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேட்டுக்கொண்டிருந்தவர்களும் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை. இவ்வளவு பொய்யையும் நம்மை உட்காரவைத்துக் கேட்கவைக்கிறார்களே என்று ஆத்திரம்தான் வந்தது. அழுகை வேறு நேரத்தில், பேருந்தில் வந்தது.

எல்லோரும் காபி குடித்துவிட்டுக் கிளம்பிய பிறகு தலைமையாசிரியர் என்னிடம் வந்தார். அடுத்த நாள் வேறு யாரோ அதிகாரி வருகிறாராம்.

“எல்லாம் முடிஞ்சிது இல்ல டீச்சர். எறக்கிடலாமா?”

“என்ன ஏன் சார் கேக்குறீங்க? மாட்டினவங்களக் கேளுங்க.”

அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். என் புடவையை இழுத்த அந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளைதான் பக்கத்தில் நின்றது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எந்தப் பிள்ளையிடமும் எதையும் அனுமதி கேட்டிராத அந்த மனிதர், “எறக்கட்டுமா பாப்பா?” என்றார்.

அது அவரையும் பார்த்தது. கயிற்றையும் பார்த்தது.

“வேணாம்” என்றது.

அவர் நீட்டிய கையை எடுத்துக்கொண்டார். படங்கள் அங்கேயே இருந்தன.

பிலோமினா டீச்சரிடமிருந்து பொருளாக எதையும் நான் எடுத்துவரவில்லை. அந்தப் பிள்ளைக்கு இருந்த தைரியம் அவர் வகுப்பில் வந்தது. எழுதப் படிக்கப் பழகுவதற்கு முன்னாலேயே, பெரிய மனிதர் ஒருவரின் முகத்தைப் பார்த்து, பயப்படாமல், வேணாம் என்று சொல்கிற தைரியம். இத்தனை வருடம் பக்கத்து வகுப்பில் இருந்து நானும் அதைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டிருக்கிறேன். அதைத்தான் அவருடையதாக வைத்திருக்கப்போகிறேன். விழுப்புரத்தில் எங்கள் பள்ளியில் நேற்று பெயின்ட் டப்பாக்கள் வந்து இறங்கின. கயிறு கட்டியிருக்கும் என் வகுப்பறைச் சுவரை எப்போது காலி செய்து தருவீர்கள் என்று கேட்கிறார்கள்.